ஃபோட்டோஷாப்பில் கறுப்புக் கட்டங்கள்: கார்டை மாற்றும் முன்

கேள்வி: “திருமண ஆல்பம் டிசைன் செய்கிறேன். ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, 4 ஜிபி. ராம் 16 ஜிபி, விண்டோஸ் 11, இரண்டு மானிட்டர்கள். பத்து நாட்களாக ஃபோட்டோஷாப்பில் 12க்கு 36 ஷீட்டைத் திறந்து ஜூம் செய்தால் இடையிடையே கறுப்புக் கட்டங்கள் தெரிகின்றன. பிரஷ் போன தடம் அழியாமல் நிற்கிறது, படத்தை நகர்த்தினால் மறைகிறது. இரண்டு முறை திரை முழுவதும் கறுத்துப்போய்ச் சில நொடிகளில் திரும்பி வந்தது. இரண்டாவது மானிட்டரில் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி ஃபோட்டோஷாப்பில் மட்டும் மஞ்சளடிக்கிறது. கார்டு போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள் கடையில். லேபில் பிரிண்ட் ஆகி வந்த ஷீட்டுகளில் ஒரு குறையும் இல்லை. கார்டு வாங்கத்தான் வேண்டுமா?”

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது: லேபிலிருந்து வந்த ஷீட்டுகள் சுத்தமாக இருக்கின்றன. கடைக்காரரிடம் இதைச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அவர் அவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு எழுதியிருக்க மாட்டார். கோப்பு கெடவில்லை, கோப்பைக் காட்டும் வழியில்தான் எங்கோ கோளாறு. அந்த ‘எங்கோ’ எது என்று தெரியும்வரை ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

படம் உங்கள் கண்ணுக்கு வந்துசேரும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். 12க்கு 36 அங்குலம், 300 டிபிஐ என்றால் 3,600க்கு 10,800 பிக்சல், அதாவது சுமார் 3 கோடியே 89 லட்சம் பிக்சல்கள். லேயர் எதுவும் இல்லாத 8 பிட் ஆர்ஜிபி கோப்பாக இருந்தாலே ஃபோட்டோஷாப் ஜன்னலின் கீழ் ஓரத்தில் 111.2 எம் என்று காட்டும், தினமும் பார்த்திருப்பீர்கள். உங்கள் மானிட்டர் ஃபுல் எச்டி என்றால் அதில் இருப்பதோ சுமார் 21 லட்சம் பிக்சல்தான். பதினெட்டுத் திரைகளுக்கு மேல் கொள்ளும் படத்தை ஒரு திரைக்குள் சுருக்கி, நீங்கள் மவுஸ் சக்கரத்தை உருட்டும் வேகத்துக்கு ஈடுகொடுத்துக் காட்டியாக வேண்டும். அதற்காக ஃபோட்டோஷாப் படத்தைச் சதுரச் சதுரமாக வெட்டி, கூரை ஓடுகளைப் போலக் கார்டிடம் அனுப்புகிறது. அவற்றை அடுக்கி, சுருக்கி, மானிட்டரின் நிறத்துக்கு மாற்றித் திரையில் போடுவது கார்டின் வேலை. 2008-இல் வந்த சிஎஸ்4 பதிப்பில்தான் இந்த வேலை கார்டின் கைக்குப் போகத் தொடங்கியது. கூரையில் ஓர் ஓடு நழுவினால் வானம் தெரிகிறதல்லவா, அதுதான் உங்கள் கறுப்புக் கட்டம். ஓடு நழுவியிருக்கிறது, வீடு இடியவில்லை. அசல் படம் ராமிலும், ராம் போதாதபோது ஃபோட்டோஷாப் பயன்படுத்தும் டிஸ்க் இடமான ஸ்கிராட்ச் டிஸ்க்கிலும் பத்திரமாக இருக்கிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. உருவத்தை இழுத்து வளைக்கும் லிக்விஃபை, கேமராவின் ரா கோப்புகளைத் திறக்கும் கேமரா ரா போன்றவை கணக்குப் போடுவதற்கே கார்டைப் பயன்படுத்துகின்றன. கார்டு தப்பாகக் கணக்குப் போட்டால் அந்தத் தப்பு பிக்சலாகவே கோப்பில் உட்கார்ந்துவிடும். அப்போது பிரிண்டிலும் வரும். உங்களுக்கு வரவில்லை. ஆனாலும் இந்தக் கோளாறு தீரும்வரை ஒவ்வொரு ஷீட்டையும் வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்துவைத்துவிட்டு வேலை செய்யுங்கள். முகூர்த்த மாதத்தில் ஒரு ஷீட்டைத் திரும்பச் செய்வது என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது முதல் சோதனை. கட்டங்கள் தெரிகிற நேரத்தில் பிரிண்ட் ஸ்கிரீன் எடுத்து, அந்தப் படத்தைக் கைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். அதே மானிட்டரில் பார்த்துப் பயனில்லை, நோயாளியிடமே நாடி பார்க்கச் சொல்வதுபோல் ஆகிவிடும். கைபேசியிலும் கட்டங்கள் தெரிந்தால், திரைக்குப் போகும் முன்பே, அதாவது மென்பொருள், டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் நிரல்), கார்டு இந்த மூன்றுக்குள் கோளாறு. கைபேசியில் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கேபிளோ மானிட்டரோதான்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் பட்டதைச் சொல்கிறேன். தெரிந்தவர் ஸ்டுடியோ ஒன்றில், படத்தின் இருண்ட பகுதிகளில் வெள்ளைப் பொட்டுகள் மினுக்கின. கார்டுதான் என்று நினைத்து மாற்றினேன். நிற்கவில்லை. கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். மாற்றினேன். அதிலும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் ஏதோ யோசனையில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைபேசியில் பார்த்தால் ஒரு பொட்டு இல்லை. மேசையின் காலுக்கடியில் எச்டிஎம்ஐ கேபிள் நசுங்கிக் கிடந்தது. அவரிடம் புது கார்டுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அந்தக் கார்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. மினுக்கும் பொட்டு, குறுக்கே ஓடும் கோடு, திரை விட்டுவிட்டு அணைவது இவையெல்லாம் கேபிளின் கைவரிசையாக இருக்கலாம். 4கே மானிட்டரைப் பழைய கேபிளில் 60 ஹெர்ட்ஸில் ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். உங்களுடையது அப்படித் தெரியவில்லை. கேபிள் கெட்டால் திரை முழுக்கக் கெடும், ஃபோட்டோஷாப்பின் கேன்வாஸைத் தேடிப் பிடித்து அதற்குள் மட்டும் கட்டம் போடாது.

கேபிள் என்றதும் இன்னொன்று. கேபினெட்டின் பின்பக்கம் போய் இரண்டு மானிட்டர்களின் கேபிளும் கார்டில்தான் செருகியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று கார்டிலும் மற்றது மதர்போர்டிலும் இருக்கிற ஸ்டுடியோக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் ஒரு மானிட்டரை என்விடியா கார்டும் மற்றொன்றைப் பிராசசரில் உள்ள கிராஃபிக்ஸும் ஓட்டும். ஃபோட்டோஷாப் ஜன்னலை ஒரு திரையிலிருந்து மறு திரைக்கு இழுக்கும்போது படம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குடிபோக வேண்டியிருக்கிறது. வழியில் சில சாமான்கள் தொலையும். இரண்டையும் கார்டிலேயே செருகுங்கள். மடிக்கணினியில் இந்த வசதி இல்லை. அவர்கள் விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் என்று போய், ஃபோட்டோஷாப்பைச் சேர்த்து ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்று குறித்துவைக்க வேண்டும்.

இரண்டாவது சோதனைதான் முக்கியமானது. எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் பெர்ஃபார்மன்ஸ். ‘யூஸ் கிராஃபிக்ஸ் பிராசசர்’ என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு, ஃபோட்டோஷாப்பை மூடித் திறங்கள். மூடித் திறக்காவிட்டால் சோதனை செய்ததாகக் கணக்கில்லை. இப்போது அதே ஷீட்டை, அதே அளவுக்கு ஜூம் செய்யுங்கள். கட்டங்கள் போய்விட்டால் கோளாறு கார்டு வழியில் இருக்கிறது என்று உறுதி. டிரைவரா கார்டா என்பது மட்டும்தான் பாக்கி. கட்டங்கள் அப்படியே இருந்தால் கார்டை மறந்துவிட்டு, ராமையும் ஃபோட்டோஷாப்பின் பிரிஃபரன்ஸ் கோப்பையும் சந்தேகப்படுங்கள். விண்டோஸிலேயே ராம் பரிசோதனை இருக்கிறது, ‘மெமரி டயக்னாஸ்டிக்’ என்று தேடினால் வரும், ஓர் இரவு ஓட விடுங்கள்.

நாளை டெலிவரி இருக்கிறது என்றால் டிக்கை எடுத்த நிலையிலேயே வேலையை முடியுங்கள். கேன்வாஸைச் சுழற்றிப் பார்ப்பது, இழுத்து ஜூம் செய்வது, ஆயில் பெயின்ட் ஃபில்டர் போன்ற சில வசதிகள் கிடைக்காது, ஜூம் கொஞ்சம் வெட்டி வெட்டி நகரும். ஆல்பம் வேலைக்கு அவற்றில் எதுவும் உயிர்போகிற தேவை இல்லை. கேமரா ராவுக்குத் தனியாக ஒரு கிராஃபிக்ஸ் அமைப்பு இருக்கிறது, அதையும் அதன் பிரிஃபரன்சஸில் போய் அணைக்க வேண்டும். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

டிக்கை எடுத்ததும் கட்டங்கள் போய்விட்டன என்றே வைத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன அறிகுறிகளுக்கு அப்படித்தான் நடக்கும். டிக்கைத் திரும்பப் போடுங்கள். பத்து நாட்களாக என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது? விண்டோஸ் அப்டேட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு: உங்களைக் கேட்காமலே இரவோடு இரவாகக் கார்டின் டிரைவரை மாற்றிவைக்கும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அதில் டிரைவர் அப்டேட்ஸ். என்விடியா என்ற பெயருக்கு எதிரே உள்ள தேதியைப் பாருங்கள். தேதி ஒத்துப்போனால் பாதி வழக்கு முடிந்தது.

அடுத்து, விண்டோஸ் தனக்கு நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவர். அதில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போய் 4101 என்ற எண்ணைத் தேடுங்கள். திரை கறுத்துத் திரும்பிய இரண்டு தடவையும் இந்த எண் பதிவாகியிருக்கும் என்று நினைக்கிறேன். டிஸ்பிளே டிரைவர் பதில் சொல்லாமல் நின்றது, மீண்டுவிட்டது என்ற பொருளில் ஒரு வரியும், என்.வி. என்று தொடங்கும் வாயில் நுழையாத ஒரு பெயரும் இருக்கும். அது என்விடியா டிரைவரின் பெயர். விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் கார்டின்மேல் ஒரு கண் வைத்திருக்கிறது. கொடுத்த வேலைக்கு 2 நொடிக்குள் கார்டிடமிருந்து பதில் வராவிட்டால், அது மயங்கிவிட்டதென்று முடிவுகட்டி டிரைவரை உதறி எழுப்பும். எழுப்புகிற நேரம்தான் நீங்கள் பார்த்த கறுப்பு. விண்டோஸ் எழுந்துவிடும், ஃபோட்டோஷாப் கார்டுக்கு அனுப்பிவைத்த ஓடுகள் எல்லாம் போயிருக்கும். அதனால் அந்தக் கறுப்புக்குப் பிறகு தெரியும் கட்டங்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், சேமித்துவிட்டு ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்துவிடுங்கள்.

அந்த 2 நொடியை, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் போய் நீட்டிவைக்கச் சொல்லும் காணொளிகள் ஏராளம். முப்பரிமாண வேலை செய்கிறவர்களுக்கு அதில் நியாயம் உண்டு, அங்கே ஒரு கணக்கே சில நொடிகள் ஓடும். ஆல்பம் ஷீட்டை ஜூம் செய்வதற்குக் கார்டு 2 நொடி எடுத்துக்கொண்டால் அது நோய். காய்ச்சல் தெரியக்கூடாதென்று தெர்மாமீட்டரைத் தூக்கிப்போடும் வைத்தியம் வேண்டாம்.

டிரைவரை மாற்றும் முறையைக் கொஞ்சம் பொறுமையாகச் செய்யுங்கள். முதலில் சுலப வழி: டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயரை இரட்டைச் சொடுக்கு, டிரைவர் தாவல், ‘ரோல் பேக் டிரைவர்’. அந்தப் பொத்தான் மங்கலாக இல்லாவிட்டால் அழுத்துங்கள், முன்பு நன்றாக ஓடிய டிரைவர் திரும்ப வரும். அதோடு கட்டங்களும் போய்விட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். புதிய டிரைவர்தான் நல்ல டிரைவர் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அது முடியாவிட்டால் சுத்தமாக அகற்றிவிட்டுப் போட வேண்டும். என்விடியா தளத்தில் உங்கள் கார்டுக்கு இரண்டு வகை டிரைவர்கள் இருக்கும்: கேம் ரெடி, ஸ்டுடியோ. 2019-இலிருந்து இந்தப் பிரிவினை. புதிதாக வரும் விளையாட்டுகளுக்கு ஏற்ப அடிக்கடி வெளியாவது முதல் வகை. படம், வீடியோ மென்பொருள்களில் சோதித்து நிதானமாக வெளியிடுவது இரண்டாவது. உங்களுக்கு இரண்டாவது. அதை இறக்கிவைத்துவிட்டு, ‘டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ என்ற இலவசக் கருவியையும் இறக்குங்கள். பிறகு இணைய இணைப்பைத் துண்டியுங்கள். இதுதான் எல்லோரும் விடுகிற படி. துண்டிக்காவிட்டால், நீங்கள் பழையதை அகற்றிய மறு நிமிடமே விண்டோஸ் தன் கையிலுள்ள டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும். சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் விண்டோஸ் நிலை) போய் அந்தக் கருவியை ஓட்டி, திரும்ப வந்து, ஸ்டுடியோ டிரைவரை நிறுவி, ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்துவிட்டு இணையத்தை இணையுங்கள். ஃபோட்டோஷாப்பின் ஹெல்ப் மெனுவில் ‘ஜிபியு கம்பாட்டிபிலிட்டி’ என்று ஒன்று இருந்தால் திறந்து பாருங்கள், கார்டு எந்தத் தேர்வில் தேறியது, எதில் தேறவில்லை என்று அதுவே காட்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வரி: ஜிடி 710 போன்ற கெப்ளர் வகைக் கார்டு வைத்திருப்பவர்கள் டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். 2012-இல் அறிமுகமான வகை அது. 2021-க்குப் பிறகு புதிய டிரைவர் வரிசைகளில் அதற்கு இடமில்லை, இன்றைய ஃபோட்டோஷாப் எதிர்பார்க்கும் டைரக்ட்எக்ஸ் தகுதியும் அதற்கு இல்லை. கார்டு கெடவில்லை, வயதாகிவிட்டது. டிக்கை எடுத்துவிட்டு ஓட்டுங்கள் அல்லது பழைய ஃபோட்டோஷாப்பிலேயே இருங்கள்.

டிரைவர் மாற்றிய பிறகும் பிரஷ் தடம் மட்டும் நிற்கிறது என்றால் அது வேறு கதை. சில பதிப்புகளின் பிரிஃபரன்சஸில் ‘டெக்னாலஜி பிரிவியூஸ்’ பகுதிக்குள் ‘டீஆக்டிவேட் நேட்டிவ் கேன்வாஸ்’ என்ற வரி இருக்கும். அதை டிக் செய்தால் கேன்வாஸைப் பழைய முறையில் வரையும். தடம் போய்விடுகிறதா என்று பாருங்கள். பழைய பதிப்புகளில் இதற்குப் பதில் ‘டிராயிங் மோட்’ என்று பேசிக், நார்மல், அட்வான்ஸ்டு மூன்றும் இருக்கும். பேசிக் வைத்துப் பார்க்கலாம். திரையின்மேல் எதையாவது ஒட்டும் நிரல்களையும் அணைத்துப் பாருங்கள்: கேம் ஓவர்லே, திரைப் பதிவு மென்பொருள், மூலையில் வெப்பநிலை காட்டும் கருவிகள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். நான்கை ஒன்றாகச் செய்து சரியாகிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாது, அடுத்த மாதம் திரும்ப வரும்போது நான்கையும் மறுபடி செய்துகொண்டிருப்பீர்கள்.

பிரிஃபரன்ஸ் கோப்பை அழித்துப் புதிதாகத் தொடங்குவதும் சில நேரம் பலிக்கும். ஃபோட்டோஷாப்பைத் திறந்த கையோடு கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டால் அழிக்கவா என்று கேட்கும். அதற்கு முன், பல படிகளை ஒரே சொடுக்கில் செய்யப் பதிவுசெய்துவைத்த உங்கள் ஆக்‌ஷன்களைத் தனிக் கோப்பாகச் சேமித்துவையுங்கள். வருடக்கணக்கில் சேர்த்த ஆக்‌ஷன்களை இப்படிப் பறிகொடுத்துவிட்டு, கட்டமே தேவலை என்று புலம்பியவர்களை எனக்குத் தெரியும்.

ஜூமில் தெரியும் எல்லாமே கோளாறும் அல்ல. 33, 66 சதவீதத்தில் மெல்லிய பார்டர் கோடு பல் பல்லாகத் தெரிவதும், ஜரிகையில் அலையலையாக ஏதோ ஓடுவதும் படத்தைச் சுருக்கிக் காட்டுவதன் விளைவு. 100 சதவீதத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கவலைப்படுங்கள்.

இனி வேட்டி. இதற்கும் கட்டங்களுக்கும் சம்பந்தமே இல்லை, இரண்டும் ஒரே சமயத்தில் கண்ணில் பட்டதால் ஒரே நோய் என்று நினைத்துவிட்டீர்கள். மற்ற நிரல்களில் வெள்ளையாகவும் ஃபோட்டோஷாப்பில் மட்டும் மஞ்சளாகவும் தெரிந்தால், அந்த மானிட்டரின் கலர் புரொஃபைல், அதாவது அது நிறங்களை எப்படிக் காட்டும் என்று சொல்லும் கோப்பு, தவறானது. ஃபோட்டோஷாப் அந்தப் புரொஃபைலை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நிறத்தைத் திருத்துகிறது, மற்ற பல நிரல்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. வியூ மெனுவில் புரூஃப் செட்டப், அதில் ‘மானிட்டர் ஆர்ஜிபி’யைத் தேர்ந்தெடுங்கள். வேட்டி உடனே வெளுத்தால் நான் சொன்னது சரி. விண்டோஸின் ‘கலர் மேனேஜ்மென்ட்’டைத் திறந்து, இரண்டாவது மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, ‘யூஸ் மை செட்டிங்ஸ் ஃபார் திஸ் டிவைஸ்’ என்பதில் டிக் போட்டு, எஸ்ஆர்ஜிபி புரொஃபைலைச் சேர்த்து அதையே டிஃபால்ட் ஆக்குங்கள். ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்தால் மாப்பிள்ளை வெள்ளையில் நிற்பார். இது தற்காலிக ஏற்பாடுதான். மானிட்டரை அளந்து புரொஃபைல் உண்டாக்கும் கருவியை நண்பர்கள் யாரிடமாவது ஒரு நாள் வாங்கிச் செய்துவிட்டால் நல்லது. அதுவரை இந்த மானிட்டரைப் பார்த்து வேட்டியில் மஞ்சளைக் குறைத்துவிடாதீர்கள், பிரிண்டில் நீலமடிக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு கட்டங்கள் வந்தால் கார்டின் உடம்பைப் பார்க்கலாம். கணினி தொடங்கும்போது, விண்டோஸ் வருவதற்கு முன்பே, மதர்போர்டு சின்னம் தெரியும் திரையில் கட்டமோ கோடோ தெரிந்தால் ஃபோட்டோஷாப் நிரபராதி, கார்டுதான். அப்படி இல்லையென்றால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், ஜிபியு பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். இரண்டு எண்களைக் கவனியுங்கள். ஒன்று வெப்பம். வெறும் ஃபோட்டோஷாப் வேலைக்கே 85 டிகிரியைத் தாண்டுகிறது என்றால் தூசியோ நின்றுபோன ஃபேனோ காரணமாக இருக்கலாம். ஊதிச் சுத்தம் செய்யும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், காற்றடித்துச் சுழலவிட்டால் பேரிங் போகும். இன்னொன்று ‘டெடிகேட்டட் ஜிபியு மெமரி’. உங்கள் 4 ஜிபியும் நிரம்பி வழிகிறது என்றால், பின்னால் திறந்திருக்கும் பிரவுசரையும் வீடியோ எடிட்டரையும் மூடிவிட்டுப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். மேல் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை, 1650 வெறும் 75 வாட் கார்டு.

விளையாட்டுகள் நன்றாக ஓடுகின்றன, ஆகவே கார்டு நல்ல கார்டு என்று சிலர் சொல்வார்கள். அந்த வாதம் நிற்காது. நொடிக்கு 60 படம் ஓடும் விளையாட்டில் ஒரு தவறான பிக்சல் கண் இமைக்கும் நேரம்கூட இருக்காது. ஃபோட்டோஷாப்பில் அது அசையாமல் நின்று உங்களையே பார்க்கும். கார்டின் மெமரியைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஓசிசிடி என்ற மென்பொருளில் விரேம் (கார்டின் மெமரி) சோதனை இருக்கிறது, அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் கார்டைக் கைவிடலாம்.

பிழையே இல்லை, ஆனாலும் கட்டம் வருகிறது என்றால், கடைக்குப் போகும் முன் தெரிந்த ஸ்டுடியோவில் ஒரு கார்டை ஒரு மாலைக்கு இரவல் வாங்குங்கள். உங்கள் கணினியில் செருகி, அதற்குரிய டிரைவரைப் போட்டு, இதே 12க்கு 36 ஷீட்டைத் திறந்து ஜூம் செய்யுங்கள். கட்டம் வரவில்லையென்றால் கடைக்காரர் சொன்னது சரி, வாங்கிவிடுங்கள். அதிலும் வந்தால் இரவல் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்கள் பழைய கார்டையே செருகிக்கொண்டு, ராம் சோதனையின் முடிவோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.